குளத்தைச் சுற்றி வீடு கட்டியவர்கள்

போன மாதம் நாங்கள் நாலு பேர் ஒரு உள்ளூராட்சிச் சபையின் மாதாந்த அமர்வைப் பார்க்கப் போயிருந்தோம். ஆர்வத்தில் போனோம் என்று பொய் சொல்லத் தேவையில்லை. பாடத்துக்கு ஒரு ஒப்படை இருந்தது. ஒரு பொது நிறுவனம் எப்படி முடிவெடுக்கிறது என்பதை நேரில் பார்த்து எழுதவேண்டும். பார்வையாளர் பகுதியில் எங்களையும், நித்திரை தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஐயாவையும் தவிர வேறு ஒருவரும் இல்லை.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தடுத்து இரண்டு விடயங்கள் வந்தன. முதலாவது, ஒரு ஒழுங்கையில் குடியிருப்பவர்கள் கொடுத்த மனு. ஒழுங்கை முகப்பில் வெளியாக்கள் வாகனங்களை விட்டுவிட்டுப் போகிறார்கள், தங்கட வாகனங்களுக்கு இடமில்லை, ஆகவே அந்த இடத்தைக் குடியிருப்பாளருக்கு மட்டும் உரிய தரிப்பிடமாக அறிவிக்கவேண்டும் என்பது கோரிக்கை. இதைப் பற்றி முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வாகனமா இரண்டா, அட்டை யார் கொடுப்பது, கலியாண வீடு செத்த வீடு வந்தால் என்ன செய்வது என்று நீண்டுகொண்டே போனது.

இரண்டாவது, அதே இடத்தில் நிற்கிற சபையின் பொதுக் குழாய். பின்னேரங்களில் அங்கே கான்களோடு ஆக்கள் வரிசையில் நிற்பதால் தரிப்பிடத்துக்கு இடைஞ்சலாம். குழாயை வேறிடத்துக்கு மாற்றவேண்டுமாம். இது மூன்று நிமிடத்தில் முடிந்தது. எந்த இடத்துக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. "அடுத்த அமர்வில உறுதிப்படுத்துவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் குழாயில் தண்ணி பிடிக்க வருகிற ஆக்கள் யார், எந்தக் குடியிருப்பிலிருந்து வருகிறார்கள் என்பது அந்த மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆனால் 'சாதி' என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பில் 'போக்குவரத்து இடையூறு' என்றுதான் வரும்.

திரும்பி பஸ்ஸில் வரும்போது எங்களில் ஒருத்தி கேட்டாள்: "வீட்டுக்கு முன்னால இருக்கிற றோட்டு எப்ப தொடக்கம் வீட்டுக்காரன்ர?" அந்தக் கேள்வியோடு தேடப் போய்த்தான் மஹாட் நகரத்தின் கதையைத் திரும்ப வாசித்தோம். தமிழில் 'மகத்' என்றும் எழுதுவார்கள். அம்பேத்கர் குளத்தில் தண்ணீர் குடித்தார் என்ற ஒரு வரியாக அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அந்தக் கதையின் நடுவில் ஒரு நகரசபை இருக்கிறது. அது ஒரு தீர்மானம் எடுத்தது, அதைச் செய்யாமல் விட்டது, பிறகு அதை வாபஸ் வாங்கியது. இந்தப் பக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எங்கட ஊர்ச் சபையில் நாங்கள் பார்த்ததை விளங்கிக்கொள்ள இந்தப் பக்கம்தான் உதவியது.

குளமும் அதைச் சுற்றிய வீடுகளும்

மஹாட், மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையோரப் பகுதியில், சாவித்திரி ஆற்றை ஒட்டி இருக்கிற ஒரு சிறு நகரம். அந்தக் காலத்தில் பம்பாய் மாகாணத்தின் கொலாபா மாவட்டத்தில் இருந்தது. இப்போது அந்த மாவட்டத்துக்கு ராய்காட் என்று பெயர். நகரத்தின் நடுவில் சவ்தார் என்ற குளம். மராத்தியில் 'சவ்தார்' என்றால் சுவையானது என்று பொருள். நாலைந்து ஏக்கர் பரப்பு. சுற்றிவர நகரசபையின் றோட்டு. றோட்டுக்கு அப்பால் சாதி இந்துக்களின் வீடுகள், இடையிலே சில முஸ்லிம் வீடுகள். குளத்தின் கரையிலே சிறு துண்டு நிலங்களும் படித்துறைகளும் அந்த வீட்டுக்காரர் பலருக்குச் சொந்தமாக இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதியினரின் குடியிருப்பு எதுவும் பக்கத்தில் இல்லை.

ஆனால் அவர்கள் தினமும் அந்த நகரத்துக்கு வரத்தான் வேண்டியிருந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து சாமான் வாங்க வந்தார்கள். கிராம ஊழியம் செய்த மஹார்கள் வரிப்பணம் கட்டவும் கடிதம் கொண்டுபோகவும் அரசாங்கக் கந்தோருக்கு வந்தார்கள். வெளியூரிலிருந்து வருகிற ஒருவர் தண்ணீர் எடுக்கக்கூடிய பொதுக் குளம் அந்த நகரத்தில் இது ஒன்றுதான். அவர்களுக்கு அது தடை. அவர்களுக்கென்று இருந்த ஒரே கிணறு, நகர மையத்திலிருந்து தள்ளி அவர்களது சேரியில் இருந்தது. இந்துக்கள் அல்லாதவர்கள் குளத்தில் தண்ணீர் எடுக்கலாம். ஆடு மாடுகள் குடிக்கலாம்.

இப்படி ஒரு தடை எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. பெயர்ப்பலகையும் இல்லை. குளத்தைச் சுற்றி இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது.

காகிதத்தில் திறந்த குளம்

1923 ஓகஸ்ட் 4ஆம் திகதி பம்பாய் சட்டசபையில் சீதாராம் கேசவ் போலே என்ற உறுப்பினர் கொண்டுவந்த ஒரு தீர்மானம் நிறைவேறியது. பொதுப் பணத்தில் கட்டப்பட்டுப் பராமரிக்கப்படுகிற, அல்லது அரசாங்கம் நியமித்த அமைப்புகளால் நிர்வகிக்கப்படுகிற நீர்நிலைகள், கிணறுகள், சத்திரங்கள், அதோடு பொதுப் பாடசாலைகள், நீதிமன்றங்கள், அலுவலகங்கள், மருந்தகங்கள் எல்லாவற்றையும் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டவர்களும் பயன்படுத்த விடவேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

இந்தத் தீர்மானம் தீண்டாமை பாவமா இல்லையா, சாத்திரம் என்ன சொல்லுகிறது என்ற விவாதத்துக்குள் போகவில்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டது: இது யாருடைய பணத்தில் ஓடுகிறது? பொதுப் பணமென்றால் பொது மக்கள் எல்லாருக்கும் உரியது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேதம் படித்திருக்கத் தேவையில்லை, கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் போதும்.

அதே வருடம் செப்டெம்பரில் மாகாண அரசாங்கம் இதை நடைமுறைப்படுத்தும்படி தன் திணைக்களங்களுக்கு அறிவித்தது. உள்ளூர்ச் சபைகளின் கையில் இருந்த நீர்நிலைகளைப் பொறுத்தவரை அந்தந்தச் சபைகள்தான் முடிவெடுக்கவேண்டும். மஹாட் நகரசபை 1924 ஜனவரி 5ஆம் திகதி முடிவெடுத்தது. சவ்தார் குளத்தை ஒடுக்கப்பட்ட மக்கள் பயன்படுத்துவதில் சபைக்கு ஆட்சேபனை இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. நகரசபைத் தலைவராக இருந்த சுரேந்திரநாத் டிப்னிஸ், தானே சாதி இந்துவாக இருந்தும் இந்த முயற்சிக்குத் துணை நின்றார்.

'ஆட்சேபனை இல்லை' என்ற அந்தச் சொற்களைக் கவனிக்கவேண்டும். சபை ஒரு பலகை வைப்பதாகச் சொல்லவில்லை. தடுப்பவர்கள் மேல் நடவடிக்கை எடுப்பதாகச் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பில் ஒரு பதிவு வந்தது, அதோடு சரி. குளத்தைச் சுற்றி இருந்தவர்கள் முன்னைப்போலவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒடுக்கப்பட்ட மக்களும் முன்னைப்போலவே தாகத்தோடு வந்து தாகத்தோடு போனார்கள். இப்படி மூன்று வருடங்கள் போயின. இடையில், 1926 ஓகஸ்டில், தீர்மானத்தை நடைமுறைப்படுத்த மறுக்கிற சபைகளுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கக்கூடாது என்று போலே இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். அந்த அளவுக்கு மாகாணம் முழுவதும் விடயம் காகிதத்திலேயே நின்றிருக்கிறது.

நாற்பது ரூபாய்த் தண்ணீர்

1927 மார்ச் 19, 20ஆம் திகதிகளில் கொலாபா மாவட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் மாநாடு மஹாட்டில் கூடியது. தலைமை தாங்க வந்த அம்பேத்கருக்கு அப்போது வயது 35. மாநாட்டை ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் ராமச்சந்திர பாபாஜி மோரே. அந்தப் பகுதியைச் சேர்ந்த, இருபதுகளில் இருந்த ஒரு இளைஞர். எங்கட வயதுதான் என்று சொல்லலாம்.

மாநாட்டுக்கு வந்த மக்கள் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே. நகரத்தின் நடுவில் குளம் இருக்கிறது, நகரசபையின் தீர்மானமும் இருக்கிறது. இருந்தும் ஏற்பாட்டாளர்கள் சாதி இந்துக்களிடம் 40 ரூபாய் கொடுத்துத்தான் தண்ணீர் வாங்கினார்கள். 1927ஆம் ஆண்டின் 40 ரூபாய். மூன்று வருடத்துக்கு முந்திய தீர்மானத்தின் பெறுமதி என்ன என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

இரண்டாம் நாள், 20ஆம் திகதி, மாநாட்டுத் தீர்மானங்கள் எல்லாம் முடிந்த பிறகு, எல்லாரும் சேர்ந்து குளத்துக்குப் போவோம் என்ற யோசனை மேடையில் முன்வைக்கப்பட்டது. கூட்டம் எழுந்தது. நகரத்துத் தெருக்களால் வரிசையாக நடந்து போனார்கள். ஏறத்தாழ 2,500 பேர் என்பது அம்பேத்கர் தரும் கணக்கு. அவர் முதலில் இறங்கிக் கையால் அள்ளிக் குடித்தார். பின்னால் மற்றவர்கள் குடித்தார்கள். குடித்துவிட்டு அமைதியாகத் திரும்பி வந்தார்கள்.

நாங்கள் இதை ஒரு 'சட்ட மீறல்' என்று நினைத்திருந்தோம். சத்தியாகிரகம் என்றாலே சட்டத்தை மீறுவதுதானே. ஆனால் அன்றைக்கு எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. நகரசபை திறந்துவிட்ட குளத்தில் நகரசபை அனுமதித்த மக்கள் தண்ணீர் குடித்தார்கள். மூன்று வருடமாக அமுலுக்கு வராத ஒரு தீர்மானத்தை அவர்களே நடைமுறைப்படுத்தினார்கள்.

இரண்டு மணித்தியாலம் ஆவதற்குள் ஊரில் ஒரு வதந்தி பரவியது: குளத்தைத் தொட்டவர்கள் அடுத்ததாக வீரேஸ்வரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள். தடிகளோடு கும்பல் கூடியது. மாநாட்டுப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் அடித்தார்கள். சாப்பாட்டை மண்ணில் கொட்டினார்கள். சிலர் முஸ்லிம் வீடுகளில் ஒளிந்து தப்பினார்கள். மாநாட்டுக்கு வந்தவர்களில் படையில் இருந்து ஓய்வு பெற்ற மஹார்களும் இருந்தார்கள். திருப்பி அடிக்கத் தெரியாதவர்கள் இல்லை. அம்பேத்கர்தான் அவர்களைத் தடுத்து நிறுத்தினார்.

பிறகு குளத்துக்குச் சுத்தி செய்தார்கள். சாணம், கோமியம், பால், தயிர் கலந்து, 108 குடம் கணக்கில், மந்திரம் சொல்லி. ஆடு மாடு இறங்கிக் குடிக்கிற குளம் அது.

சபை பின்வாங்குகிறது

அடித்தவர்களின் செயல் எங்களுக்கு ஆச்சரியமாக இல்லை. அதற்குப் பிறகு நகரசபை செய்ததுதான் எங்களை யோசிக்க வைத்தது. 1927 ஓகஸ்ட் 4ஆம் திகதி மஹாட் நகரசபை கூடி, 1924ஆம் ஆண்டின் தன் சொந்தத் தீர்மானத்தை ரத்துச் செய்தது. போலேயின் தீர்மானம் நிறைவேறிய அதே திகதி, சரியாக நாலு வருடம் கழித்து.

மூன்று வருடமாக அந்தத் தீர்மானம் யாருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை. ஒருவரும் அதைப் பயன்படுத்தாதவரை அது நல்ல தீர்மானம். சபைக்கும் முற்போக்குப் பெயர், ஊருக்கும் அமைதி. ஒரு நாள், ஒரே ஒரு நாள், மக்கள் அதை நம்பித் தண்ணீர் குடித்தார்கள். உடனே அது ஆபத்தான தீர்மானமாகிவிட்டது.

அம்பேத்கர் பின்வாங்கவில்லை. டிசெம்பர் 25இலிருந்து இரண்டாவது மாநாடு, திரும்பவும் குளத்துக்குப் போவது என்று அறிவித்தார். இந்த முறை எதிர்த்தரப்பு தடியோடு வரவில்லை, மனுவோடு வந்தது. டிசெம்பர் 12ஆம் திகதி மஹாட் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். சவ்தார் குளம் பொதுக்குளமே இல்லை, அது தங்கட தனியார் சொத்து. அப்படி இல்லாவிட்டாலும் ஞாபகத்துக்கு எட்டாத காலம் தொட்டு தாங்கள் மட்டுமே பாவித்துவந்த வழக்கம் இருக்கிறது என்பது அவர்களது வாதம். 14ஆம் திகதி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

ஆயிரக்கணக்கில் மக்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். பந்தல் போட ஊரில் ஒருவரும் காணி தரவில்லை. ஃபத்தே கான் என்ற முஸ்லிம் ஒருவர் தந்தார். 25ஆம் திகதி இரவு அந்தப் பந்தலுக்கு முன்னால்தான் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. எரித்தவர்களில் சகஸ்ரபுத்தே என்ற பிராமணரும் ஒருவர். குளத்துக்குப் போவதா விடுவதா என்று நீண்ட விவாதம் நடந்தது. நீதிமன்றத் தடையை மீறினால் அரசாங்கத்தோடும் மோதவேண்டி வரும், சிறைக்குப் போவது ஏழை மக்கள்தான் என்பதையும் யோசித்து, அந்த முறை தண்ணீர் எடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். நகரத்துக்குள் ஊர்வலம் மட்டும் போனார்கள்.

குளம் வெறும் தாகத்துக்கான விடயமில்லை என்று அந்த மாநாட்டில் அம்பேத்கர் விளக்கினார். அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இவ்வளவு காலமும் அவர்கள் செத்துவிடவில்லை. தாங்களும் மற்றவர்களைப் போல மனிதர்கள் என்பதை நிலைநாட்டத்தான் அங்கே போகிறார்கள் என்றார். 1789இல் பிரான்சில் கூடிய தேசிய சபையோடு இந்தக் கூட்டத்தை ஒப்பிட்டார். முதலில் வாசித்தபோது எங்களுக்கு இது கொஞ்சம் மிகையாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை.

பத்து வருட வழக்கு

இடைக்காலத் தடை 1928 பெப்ரவரியில் நீங்கியது. ஆனால் வழக்கு நடந்துகொண்டே இருந்தது. 1931இல் மஹாட் நீதிமன்றத்தில் அம்பேத்கர் தரப்பு வென்றது. எதிர்த்தரப்பு மேன்முறையீடு செய்தது. 1933இல் அங்கேயும் தோற்றது. பிறகு பம்பாய் உயர் நீதிமன்றம். 1937 மார்ச் 17ஆம் திகதி அங்கேயும் தோற்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி புரூம்ஃபீல்ட். 1922இல் காந்திக்கு ஆறு வருடச் சிறைத்தண்டனை விதித்த அதே புரூம்ஃபீல்ட்தான்.

மூன்று நீதிமன்றங்களும் பார்த்த விடயங்கள் இரண்டு. ஒன்று, குளம் யாருடையது? அது நகரசபையின் பொறுப்பில் உள்ள பொதுச் சொத்து. கரையில் படித்துறை வைத்திருப்பதால் குளம் உங்களுடையதாகாது. இரண்டு, வழக்கம் உண்டா? ஒடுக்கப்பட்டவர்கள் அந்தக் குளத்தை நீண்ட காலமாகப் பாவிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது ஞாபகத்துக்கு எட்டாத காலம் தொட்டு வரும் வழக்கம் என்று சட்டம் கேட்கிற அளவுக்கு நிரூபிக்கப்படவில்லை. ஆகவே மற்றவர்களைத் தடுக்கிற உரிமை உங்களுக்கு இல்லை.

இதில் ஒரு கசப்பான விடயமும் இருக்கிறது. அப்படி ஒரு வழக்கம் நிரூபிக்கப்பட்டிருந்தால், அது நியாயமான வழக்கமா, பொது நன்மைக்கு மாறானதா என்று பார்க்கவேண்டி வந்திருக்கும். நிரூபிக்கப்படாததால் அந்தக் கேள்விக்குள் போகத் தேவையில்லை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. அதாவது தீண்டாமை பிழை என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. குளம் நகரசபையுடையது என்பதால் மட்டும் வென்ற வழக்கு. அம்பேத்கர் ஒரு பாரிஸ்டர். தன் கையில் இருக்கிற ஆயுதம் எது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுகிற கிணறுகள், குளங்கள், குளிக்கும் துறைகள், வீதிகள், பொது இடங்கள் ஆகியவற்றைப் பாவிப்பதில் ஒருவரையும் சாதியின் பேரால் தடுக்கக்கூடாது என்கிறது. போலேயின் பட்டியலை அதில் அடையாளம் காணலாம். குளமும் றோட்டும் ஒரே வரியில் நிற்கின்றன.

எங்கட கிணறுகள்

இதை இந்தியக் கதை என்று தள்ளிவைக்க எங்களால் முடியவில்லை. மஹாட்டின் இரண்டாவது மாநாட்டுக்கு ஒரு மாதம் முந்தி, 1927 நவம்பரில், வாலிபர் காங்கிரஸ்காரரின் அழைப்பில் காந்தி யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தார். இங்கேயும் தீண்டாமையை விடச் சொல்லித்தான் பேசினார். அப்போது அதைக் கேட்டுக் கைதட்டியவர்களின் வளவுகளிலும் கிணறு இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே இருக்கிற தண்ணிதான் உயிர். எல்லா இடத்திலும் அது நல்ல தண்ணியாக இருப்பதுமில்லை. ஆகவே நல்ல தண்ணிக் கிணறு யாருடைய வளவில் இருக்கிறது என்பது சின்ன விடயமில்லை. உங்கட வீட்டுப் பழைய உறுதியை எடுத்துப் பாருங்கள்: காணியின் அளவோடு கிணற்றில் இத்தனை பங்கு, வழி வாய்க்கால் பாத்தியதை என்று எழுதியிருக்கும். பங்கு இல்லாத சாதிகள் கிணற்றடிக்கு வெளியே குடத்தோடு காத்திருக்கவேண்டும். பங்கு உள்ள யாராவது வந்து அள்ளி ஊற்றினால்தான் தண்ணி. ஊற்ற மனமில்லாவிட்டால் இல்லை. இதைப் பார்த்த, அனுபவித்த ஆக்கள் இன்னும் எங்கட ஊர்களில் உயிரோடு இருக்கிறார்கள். கேட்டால் சொல்லுவார்கள், நாங்கள்தான் கேட்பதில்லை.

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. பிறகும் தேநீர்க் கடைக்குள் போக, கோயிலுக்குள் போக 1960களின் பிற்பகுதியில் அடிபட்டு உதைபட்டுத்தான் போராடவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். சட்டம் வந்து பதினொரு வருடம் கழித்து அது. மஹாட்டின் தீர்மானம் காகிதத்தில் கிடந்தது மூன்று வருடம்.

இன்னொரு வித்தியாசத்தையும் சொல்லவேண்டும். மஹாட்டில் குளம் பொதுச் சொத்து என்பது ஒரு பிடிமானமாக இருந்தது. எங்கட கிணறுகள் பெரும்பாலும் தனியார் வளவுகளில், உறுதிகளில் இருந்தன. 'இது யாருடைய பணத்தில் ஓடுகிறது' என்ற போலேயின் கேள்வி அங்கே செல்லாது. 1978 அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை சாதியின் பேரால் தடுக்கக்கூடாத இடங்களை வரிசைப்படுத்துகிறது: கடைகள், உணவகங்கள், ஹோட்டல்கள், பொழுதுபோக்கு இடங்கள், தன் மதத்தின் வழிபாட்டிடங்கள். அந்த வரிசையில் கிணறு இல்லை.

ஆகவேதான் தெருவோரத்தில் நிற்கிற ஒரு பொதுக் குழாய் இந்த மண்ணில் பெரிய விடயம். அது யாருடைய உறுதியிலும் இல்லை. யாரும் அள்ளி ஊற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நீங்களே திறக்கலாம், நீங்களே பூட்டலாம்.

திரும்பவும் அந்த ஒழுங்கை

வாகனம் விட இடம் கேட்பது குற்றம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. சைக்கிள் விடக்கூட இடமில்லாத ஒழுங்கைகளில்தான் எங்களில் பலரும் இருக்கிறோம். மஹாட்டில் தடி எடுத்தவர்களையும் தரிப்பிட மனுவில் கையெழுத்து வைத்தவர்களையும் ஒன்றாக்குவதும் அநியாயம். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி ஒரு நினைப்பு இருக்கிறது: நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம், கனகாலமாக இருக்கிறோம், ஆகவே இது எங்கட. குளத்தைச் சுற்றி வீடு கட்டியவர்களுக்குக் குளம் தங்கட முற்றம் மாதிரித் தெரிந்தது. பொது இடம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகச் சிலருடைய இடமாக மாறுவது இந்த நினைப்பில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வருகிற மற்றவர் 'வெளியாள்' ஆகிவிடுகிறார். அவர் நிற்பது 'இடையூறு' ஆகிவிடுகிறது.

மஹாட் நகரசபையின் கதையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது இரண்டு விடயம். சபை நல்ல தீர்மானம் எடுத்துவிட்டது என்று கேள்விப்பட்டால், அதை யாராவது பாவித்துப் பார்த்தார்களா என்று கேட்கவேண்டும். சபை ஒரு தீர்மானத்தை வாபஸ் வாங்கினால் அல்லது சத்தமில்லாமல் ஒன்றை மாற்றினால், அன்றைக்கு மண்டபத்தில் யார் இருந்தார்கள், யார் இருக்கவில்லை என்று கேட்கவேண்டும்.

எங்கட ஒப்படை எழுதி முடிந்துவிட்டது, புள்ளியும் வந்துவிட்டது. ஆனால் குழாய் விடயம் இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை. போன கிழமை நாங்கள் அந்தக் குழாயடிக்குப் போய், வரிசையில் நின்ற அக்காமாரோடு கதைத்தோம். குழாயை மாற்றுவது பற்றிச் சபையில் கதைத்தது அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அமர்வு நடக்கும் நாளையும் நேரத்தையும் சொன்னோம். "நாங்களும் உள்ளுக்கு வரலாமோ?" என்று ஒரு அக்கா கேட்டா.

வரலாம். பார்வையாளர் பகுதியில் கதிரைகள் எல்லாம் வெறுமையாகத்தான் கிடக்கின்றன. இந்த முறை நாங்கள் நாலு பேர் மட்டும் போகப் போவதில்லை.